மரியத்தின் மிச்சச் சீட்டு

இங்கே சுவிஸில் வாக்குச்சீட்டு எங்கள் தபால்பெட்டிக்குள் பீட்சாக் கடை விளம்பரங்களோடு வந்து கிடக்கும். கூடவே ஒரு சிறு புத்தகம். கேட்கிற கேள்விக்கு ஏன் 'ஆம்' போடவேண்டும் என்று அரசாங்கம் சொல்வதும், ஏன் கூடாது என்று எதிர்ப்பவர்கள் சொல்வதும் அதிலேயே அடுத்தடுத்துப் பக்கங்களில் இருக்கும். ரெனானில் இத்தனை வருடம் இருந்தும் அது எனக்குப் பழகவில்லை.

முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்பவள் மரியம். மேற்கு ஆபிரிக்காக்காரி. நாட்டின் பெயரை எழுதாதே என்று கேட்டாள். மரியம் என்பதும் நான் வைத்த பெயர்தான். அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்து, புதிய அரசியலமைப்பு ஒன்றை எழுதி, சனங்களின் சம்மதத்தைக் கேட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தூதரகத்தில் வாக்களிக்கலாம். 'இல்லை' என்று போடத்தான் மரியத்துக்கு விருப்பம். ஆனால் அவளுடைய தம்பி ஊரில் அரசாங்கப் பள்ளிக்கூட வாத்தியார். ஆளுக்கு இரண்டு சீட்டுக் கொடுப்பார்களாம், வெள்ளை 'ஆம்', சிவப்பு 'இல்லை'. ஒன்றை உறையில் வைத்துப் பெட்டியில் போட்டால் மற்றது கையில் மிஞ்சும். மிஞ்சிய சிவப்பைப் படம் பிடித்து அனுப்பு, மேலிடத்தில் காட்டாவிட்டால் என் வேலை போய்விடும் என்று தம்பி எழுதியிருந்தான்.

அதைக் கேட்டபோது அப்பாவின் சுண்டுவிரல் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தலுக்கு ஒருவரும் போகக்கூடாது என்று ஒரு பக்கம் இயக்கம் சொல்லியிருந்தது. தபால் கந்தோரில் வேலை செய்த அப்பாவைப் போகாமல் இருக்க மறுபக்கம் அரசாங்கம் விடாது. போய்வந்து, மை பூசிய விரலில் துணி சுற்றிக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம், "தேங்காய் உடைக்கேக்க கத்தி பட்டிட்டுது" என்றார். மை அழியுமட்டும் அம்மா அந்த இல்லாத காயத்துக்குத் தினமும் துணி மாற்றிக் கட்டினார்.

திங்கட்கிழமை இடைவேளையில் மரியம் சிவப்புச் சீட்டை மேசையில் என் வாக்கு உறைக்குப் பக்கத்தில் வைத்தாள். தூதரகத்தில் வெள்ளையைப் போட்டாயிற்று, படமும் தம்பிக்குப் போய்விட்டது. எங்களுடைய அரைகுறைப் பிரெஞ்சை என் தமிழில் எழுதுகிறேன்.

"எறிய மனமில்லை. உன்ர உறைக்குள்ள வைச்சு அனுப்பு."

"ஐயோ, என்ர வாக்குச் செல்லாமப் போயிடும்."

இன்னும் ஒட்டாத என் உறையிலிருந்து, கையெழுத்து வைத்து அனுப்பவேண்டிய வாக்காளர் அட்டையை இழுத்துப் பார்த்தாள்.

"கையெழுத்தே இல்லை! இப்பவே செல்லாதடி, விசரி!"

"நான் எப்பவும் வைக்கிறேல்லை. பேரும் வாக்கும் ஒண்டாப் போனா..."

"எத்தினை வருசமா?"

"சுவிஸ் பாஸ்போட் எடுத்ததில இருந்து."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என்னட்டக் கேட்டவை, காட்டினன். உன்னட்ட ஆர் கேட்டவை?"

"ஒருத்தரும் இல்லை."

பேனாவை நீட்டினாள். வாங்கி, தமிழில் கையெழுத்து வைத்தேன்.

"இதென்ன, நூல் சிக்கின மாதிரி?"

"என்ர பேர்."

"இஞ்ச ஆர் வாசிப்பினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்ன பயம்!"

வேலை முடிந்து கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோர் வாசலில் உள்ள பெட்டிக்கு நடந்தோம். "நீ போடு" என்று உறையை அவளிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, விழுகிற சத்தம் கேட்குமட்டும் குனிந்து நின்றாள். என் தமிழ்ப் பெயர் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. மரியத்தின் 'இல்லை' அவளுடைய கோட்டுப் பைக்குள் எங்களோடு பஸ் ஏறியது.