மெங் ஒக்சுனின் பக்கத்து மெஷின்

இத்தாலியில் நாங்கள் இருக்கும் சீசா என்ற பகுதியில், ஒரு மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மெங் ஒக்சுன் கொரியாவில் பெயர் தெரிந்த கவிஞர். சிறுவயதிலேயே சியோல் நகரத் தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். “ஊசி ஓடும்போது மெல்லப் பேசு, துணி கேட்டுக்கொண்டிருக்கிறது” என்ற அவருடைய வரியை இத்தாலிய மொழிபெயர்ப்பில் வாசித்த அன்று எனக்கு வேறெதுவும் வாசிக்கப் பிடிக்கவில்லை.

மகள் சோயொங் இங்கே ஒபெராவில் பாடுகிறாள். மகளோடு இருக்க வந்தபின் ஒக்சுன் ஒரு கவிதையும் முடிக்கவில்லை. தொழிற்சாலைப் பழக்கம் அவரை விடவில்லை: ஒரு வரியை வாய்விட்டுச் சொல்வார், பக்கத்து மெஷின்காரி தலையாட்டினால்தான் அடுத்தது வரும். அந்தத் தோழி இறந்துவிட்டாள். அவளைப் பற்றிய கவிதைதான் பாதியில் நின்றது.

அந்த வீட்டைத் துப்புரவாக்கப் போகிறவர் என் மாமி மரியமலர், மன்னார்க்காரி. ஒருநாள் ஒக்சுன் சமையலுக்குக் கோவா இலை நறுக்கியபடி தாழ்ந்த குரலில் என்னவோ சொல்ல, செபம் என்று நினைத்த மாமி தும்புத்தடியைச் சாத்திவிட்டு “ஆமென்” என்றார். ஒக்சுன் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு வரி சொன்னார். இன்னொரு ஆமென். கவிதை நகரத் தொடங்கியது.

பிறகு சோயொங் சிரித்துச் சிரித்து, அது செபமல்ல, கவிதை என்று மாமியிடம் சொல்லிவிட்டாள். மாமி வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டார். கவிதையும் நின்றது. ஒக்சுன் கத்தியை வைத்துவிட்டு, உடைந்த இத்தாலியனில், “ஏதாவது சொல்லு” என்று கெஞ்சினாராம்.

“கவிதைக்கு ஆமென் சொல்லுறது பாவமெல்லோ?” என்று வீட்டில் வந்து புலம்பினார் மாமி.

“நான் கதைக்கேக்கை ‘ம்’ கொட்டுறியே, அதைக் கொட்டன்” என்றார் மாமா கொட்வின்.

“நீங்கள் கதைக்கிறதை ஆர் கேட்டது? கேளாமல்தான் கொட்டுறனான்.”

“அந்த மனுசியின்ரை பாசையும் உனக்கு விளங்காதுதானே!”

மாமி ‘ம்’ கொட்டினார். கோடைக்கு முன் கவிதை முடிந்தது. ஒரேயொரு வரிக்கு மட்டும் ‘ம்’ வரவில்லை என்று ஒக்சுன் அதை வெட்டிவிட்டாராம்.

“அந்த வரி ஏன் பிடிக்கேல்லை, மாமி?”

“எனக்கென்ன தெரியும்? வாஷிங் மெஷின் ஒழுகுதோ எண்டு எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“சொன்னீங்களோ?”

“ஏன் சொல்லுவான்? மனுசி இப்ப அடுத்த கவிதை தொடங்கிட்டுது. நாளைக்கு வெள்ளன வரட்டாம்.”