குமரவேலின் கோட்டா

பஞ்சரான டயரைக் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டெப்னியை மாட்டி, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்வார் குமரவேல். பஞ்சர் ஒட்டக் கொடுப்பது மறுநாள்தான். தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பஞ்சரான அன்றைக்கு அவருக்குத் தனித் தெம்பு வந்துவிடும். ஜல்லி பெயர்ந்து கிடக்கும் இடத்தில்கூட வேகம் குறையாது.

“மறுபடி பஞ்சர் ஆச்சுனா இன்னா பண்ணுவே? எங்கள எறங்கித் தள்ளச் சொல்வியா?” என்பார் தினமும் ஏறும் பூக்காரி கனகவல்லி.

“ஆவாதுக்கா. இன்னிக்கு கோட்டா முடிஞ்சிது.”

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கோட்டா உண்டு. ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தால் அடுத்ததில் பச்சைதான் என்று தூரத்திலேயே முறுக்குவார். போலீஸ் ஒருமுறை மடக்கினால் அந்த வாரம் முழுக்க அவர் போட வேண்டிய காக்கிச் சட்டை வீட்டுக் கொடியிலேயே தொங்கும்.

அத்தை மகள் ஹேமாவதியைத்தான் கட்டினார். மகள் ஓவியாவுக்கு உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. மாதாமாதம் ஏற்ற வேண்டும். ஒரு கையில் நரம்பு கிடைக்காவிட்டால் மற்ற கையை அவளே நீட்டிவிடுவாள். புருஷன், பெண்டாட்டி இருவருக்குள்ளும் அந்தக் குறை மறைந்திருக்கிறது, நாலில் ஒன்றுக்கு வரும், அடுத்து உண்டானால் உடனே சோதனைக்கு வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிரியா ஓவியாவின் நோய் தெரிந்த அன்றே சொல்லியிருந்தார். குமரவேலின் காதில் அது வேறு கணக்காக விழுந்தது. நாலு பிள்ளையில் ஒன்று. அந்த ஒன்று ஓவியா.

ஹேமாவதி மறுபடி உண்டானாள். சோதனைக்குப் போகலாமா என்று கேட்டாள்.

“இன்னாத்துக்கு? நம்ம கோட்டா பாப்பாவோட முடிஞ்சிது.”

போன வாரம் ஓவியாவுக்கு ரத்தம் ஏற்றப் போன இடத்தில், ஹேமாவதியின் ஏழு மாத வயிற்றைப் பார்த்து டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“டெஸ்ட் எடுத்தீங்களா?”

“நாலுல ஒண்ணுதான மேடம்? அதான் வந்துடுச்சே.”

“மொதக் குழந்தைக்கு வந்தது இந்தக் குழந்தைக்குத் தெரியாதுங்க. ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்துதான். இதுக்கும் அதே நாலுல ஒண்ணு.”

“அப்ப மூணு பங்கு நல்லாத்தான பொறக்கும்?”

“ஓவியாவுக்கும் அந்த மூணு பங்கு இருந்துச்சு, குமரவேல்.”

சோதித்து முடிவெடுக்கும் காலம் தாண்டிவிட்டது. இனி பிறந்த பிறகு பார்ப்பதுதான். வீடு திரும்பும்போது ஹேமாவதி, “நான் அப்பவே கேட்டேன் மாமா” என்றாள். பின்சீட்டில், பிளாஸ்திரி ஒட்டிய கையால் அம்மாவின் வயிற்றைத் தட்டித் தட்டிப் பாப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள் ஓவியா.

இன்று காலை ராஜகீழ்ப்பாக்கத்தில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. குமரவேல் ஸ்டெப்னியை மாட்டி முடித்தார்.

“கெட்டியாப் புட்ச்சுக்கோடி. கோட்டா முடிஞ்சிது, இனிமே பறப்பான்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தார் கனகவல்லி.

குமரவேல் ஏறவில்லை. மற்ற இரண்டு டயர்களின் பக்கத்திலும் குத்துக்காலிட்டு, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, இப்போதுதான் மாட்டியதையும் அழுத்தினார்.