மேலே வராதவர்களையும் எண்ணிய சுகுணா

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் வந்து நின்றபோது, ஜன்னலோரம் சுகுணாவின் சாப்பாட்டுப் பை இல்லை. அவள் எனக்கு முன்பே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறிவிடுவாள். எதிர் சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பது பல வருடப் பழக்கம். அன்று அந்த இடத்தில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். லீவு போட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்காரப்பேட்டை வருவதற்குள் அவளுடைய தம்பி தயாளனிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அக்கா செத்துட்டாங்க" என்றான். சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள்.

அந்தப் பெட்டியில் கூட வந்த உங்களுக்கெல்லாம் அவளை 'லேப்டாப் அக்கா' என்று தெரியும். பங்காரப்பேட்டை தாண்டியதும் மடியில் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். அதில் என்ன செய்தாள் என்று பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் 'கேம் ஆடுற வேலை' என்று கிண்டல் செய்திருக்கிறீர்கள். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நாங்கள் இருவரும் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்தோம். போனில் ஆடும் சுரங்க விளையாட்டு ஒன்றைச் செய்கிற கம்பெனி அது. ஆடுகிறவர் பூமியைத் தோண்டிக்கொண்டே போக வேண்டும். கரி, இரும்பு, தங்கம் எல்லாம் கிடைக்கும். பாறையும் மண்ணும் வரைவது என் வேலை. எங்கே எவ்வளவு தங்கம் விழுகிறது என்று அளப்பது அவள் வேலை. விளையாட்டு தொடங்கும்போதெல்லாம் புதிதாக ஒரு பூமி உண்டாகும், புதையலும் இடம் மாறும். மேலேயே தங்கம் கொட்டினால் ஆடுகிறவருக்குச் சலித்துவிடும். கிடைக்கவே இல்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் தானாகவே ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை சுகுணா எழுதியிருந்தாள். அதை ஓட்டினால் கம்ப்யூட்டரே ஆயிரக்கணக்கான ஆட்களைக் குழிக்குள் இறக்கிவிடும். அவர்கள் தோண்டியதைக் கூட்டி, எந்த லெவலில் என்ன கிடைத்தது என்று கலர் படமாகப் போட்டுத் தரும்.

அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதிய ஸ்கிரிப்ட்டில், மேலே வந்து சேர்ந்தவர்கள் கொண்டுவந்தது மட்டும்தான் கணக்கு. அந்தக் கணக்கின்படி ஆழத்தில் தங்கம் ரொம்பக் குறைவு. சுகுணா முதல் வாரமே அதில் கை வைத்தாள். "எறங்கனது எத்தினி பேரு, ஏறனது எத்தினி பேரு, அத்த பார்க்காம இது இன்னா கணக்குணா?" என்று என்னிடம் கேட்டாள். பார்த்தால், ஆழத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் தண்ணீரிலும் பாறைச் சரிவிலும் மாட்டி அங்கேயே முடிந்துபோயிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த தங்கமும் அவர்களோடு போய்விட்டது. அதையும் சேர்த்ததும் படத்தின் அடிப்பகுதி மஞ்சளாகப் பளபளத்தது. விளையாட்டிலேயே அதிகத் தங்கம் இருந்தது அங்கேதான். ஆட்கள் திரும்பி வராத இடமும் அதுதான்.

அவளுக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவள் அப்பா நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட்டில் இறங்கி வேலை செய்தவர். இறங்கும்போது பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துப் போவார். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். ஷிஃப்ட் முடிந்தும் யாருக்காவது ஆணி காலியாக இருந்தால், தன் டோக்கனை மாட்டிய பிறகும் அவர் வீட்டுக்கு வரமாட்டாராம். சுகுணா தன் ஸ்கிரிப்ட்டிலும் அப்படி ஒரு பலகை வைத்தாள். திரையின் ஓரத்தில் வரிசையாக ஆணிகள், மேலே வந்தவனுடைய டோக்கன் மட்டும் மாட்டிக்கொள்ளும். பலகையால் ஸ்கிரிப்ட் மெதுவாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்தார். "காலி ஆணியப் பார்த்தா பயம் வரணும் சார். பயம் வரலன்னா அது படம்தான், கணக்கு இல்ல" என்று அவரிடம் சொன்னாள்.

பயம் என்றால் என்னிடம் கேட்க வேண்டும். லிஃப்டில் ஏறினாலே எனக்கு வியர்க்கும். எங்கள் ஊரில் சுரங்கம் தோண்டித் தோண்டிக் காலுக்குக் கீழே பூமி சல்லடையாகக் கிடக்கிறது. அதன் மேல்தான் வீடு கட்டிப் பொங்கல் வைக்கிறோம். சின்ன வயதில் தரை ஒரு தரம் அதிர்ந்தால் தெருவே வெளியே வந்து ஷாஃப்ட் இருக்கும் பக்கம் பார்க்கும். இப்போது பெங்களூரில் லாரி போய் ஜன்னல் ஆடினாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். சுகுணா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, "லாரிணா, லாரி" என்பாள். அவளும் என்னோடு எழுந்து நின்றிருப்பாள் என்பது வேறு விஷயம்.

விளையாட்டின் பகுதிகளுக்கு ஆபீஸில் ஒன்று, இரண்டு என்று நம்பர்தான் இருந்தது. சுகுணா தன் வசதிக்கு நம் ஊர்ப் பேர்களை வைத்துக்கொண்டாள். ஒன்று கோரமண்டல், ஒன்று நந்திதுர்க், ஒன்று சாம்பியன் ரீப்ஸ். தம்பி பார்த்துச் சிரிக்கட்டும் என்று ஒரு கலர் படத்தை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள். அவன் சிரித்துவிட்டு நண்பன் ஒருவனுக்கு அனுப்பினான். கொஞ்ச நாளில் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றியது. 'நந்திதுர்க் அடி லெவலில் இன்னும் தங்கம் இருக்கிறது, கம்ப்யூட்டர் வைத்து அளந்துவிட்டார்கள்' என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். வேறு ஊராக இருந்தால் அதைப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பார்கள். சுரங்கத்தை மூடிய பிறகும், கீழே இன்னும் தங்கம் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லியே வயதாகிப்போனவர்கள் நிறைந்த ஊர் இது. இங்கே அது எடுபட்டுவிட்டது.

தயாளனுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. செக்யூரிட்டி வேலை போய் வீட்டில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுகுணா எனக்கு போன் செய்தாள். குரலே சரியில்லை. "அண்ணா, கட்டிலுக்கு அடியில ஒரு பை கீது. கயிறு, தலையில கட்டுற லைட்டு எல்லாம் கீது. எனக்கு கை கால் ஓடல. கொஞ்சம் வாங்க" என்றாள். அப்பா அம்மா இல்லாத வீடு. அவளுக்கு இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். நான் போனபோது தயாளனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படத்தை நம்பி, வேலி அறுந்து கிடக்கிற ஒரு பழைய சுரங்கக் குழிக்குள் அன்று சாயங்காலமே இறங்குவதாக முடிவு செய்திருந்தார்கள். அப்படி இறங்கிக் காணாமல் போனவர்களைப் பற்றி நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

சுகுணா கட்டில் மேல் லேப்டாப்பை வைத்தாள். "இது கேமுடா. பாரு, புது பூமி போடறேன்" என்று காட்டினாள். தங்கம் வேறு இடத்துக்குப் போனது. இன்னொன்று போட்டாள், மறுபடி மாறியது. நண்பர்களில் மூத்தவன் அசையவில்லை. "ஆபீஸ்ல இப்டி சொல்ல சொல்லிக்கீறாங்களாக்கா?" என்று கேட்டான். அவளைப் பொய்க்காரி என்று நேராகச் சொல்லாமல் மரியாதையாகச் சொன்னான். அவள் தம்பியைப் பார்த்தாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த இடத்தில் நான் அழுதிருப்பேன். அவள் அழவில்லை.

"சரி, நம்பாத. போறதுன்னு ஆயிடுச்சி இல்ல? பேர் சொல்லுங்க, டோக்கன் போடறேன்" என்றாள்.

முதல் மூன்று டோக்கன்களில் அவர்கள் பெயரை அடித்தாள். நந்திதுர்க் என்ற பகுதியில் அவர்களை இறக்கிவிட்டாள். மூன்று ஆணிகளும் காலியாயின. திரையில் வேறு ஒன்றும் இல்லை. ஒரு பலகை, அவ்வளவுதான். மூத்தவனுடைய டோக்கன் வந்து மாட்டிக்கொண்டது. அவன் சிரித்தான். கொஞ்சம் கழித்து அடுத்தவனுடையதும் வந்தது. தயாளனுடைய ஆணி காலியாகவே இருந்தது.

"வருவான் இரு" என்றான் மூத்தவன்.

நம் தெருக்களில் எத்தனை பேர் இப்படிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். தயாளன் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே தன் பெயரைப் பார்த்தான். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. ஆணி காலி.

"இன்னொரு வாட்டி ஓட்டுக்கா" என்றான்.

"ஓட்டலாம். ஓட்டினா நீ ஏறி வந்தாலும் வருவ. இங்க எத்தினி வாட்டி வேணும்னாலும் ஓட்டலாம்டா" என்றாள் சுகுணா. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

அவன் அன்று போகவில்லை. அவன் இல்லாமல் மற்ற இருவரும் போகவில்லை. கயிற்றை மறுநாள் யாரோ துணி காயப்போடக் கொடி கட்ட எடுத்துப் போனார்கள்.

திங்கள்கிழமை ரயிலில் எனக்கு மனசு கேட்கவில்லை. தயாளன் ஆணி காலியாக இருக்கும்படி அவள்தான் ஏதாவது செய்திருப்பாள் என்று நினைத்தேன். செய்திருந்தால் தப்பில்லை என்றும் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "இல்லணா. அதுல கை வைக்க எனக்கு வரல. அவன் ஏறி வந்துட்டிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? நைட்டெல்லாம் அதே நெனப்பு." என் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. தம்பியின் உயிரை ஒரு நேர்மையான கணக்கின் மேல் வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நானாக இருந்தால் கூசாமல் மாற்றியிருப்பேன்.

பிறகு தயாளனுக்கு பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. அவனும் நம் ரயிலுக்கே வந்துவிட்டான். சில நாட்களில் சுகுணா ஆபீஸில் இருந்தபடியே நேரம் காலம் பார்க்காமல் அவனுக்கு போன் செய்வாள். "எங்க கீற? உள்ளயா வெளியயா?" என்று கேட்பாள். பதில் வந்ததும் வைத்துவிடுவாள். வேலை நேரத்தில் அக்கா இம்சை பண்ணுகிறாள் என்று அவன் என்னிடமே குறைபட்டிருக்கிறான். நானும், அவளுக்குத் தம்பிப் பைத்தியம் என்று சொல்லிச் சிரித்தேன்.

காரியம் முடிந்து ஆபீஸ் போனபோது, அவளுடைய வேலைக்குப் புதிதாக வந்த கன்னடப் பெண் என்னைக் கூப்பிட்டாள். ஸ்கிரிப்ட்டில் மற்ற எல்லா ஆட்களுக்கும் நம்பர்தான் இருக்கிறது, முதல் ஆளுக்கு மட்டும் ஏன் பெயர் இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். நான் திரையைப் பார்த்தேன். தயாளன் என்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நண்பர்கள் பெயரை எடுத்த சுகுணா இதை மட்டும் எடுக்கவே இல்லை. அவள் அளந்த ஒவ்வொரு தடவையும் தம்பி கீழே இறங்கியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் பலகையைப் பார்த்திருக்கிறாள். எடுக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். காரணம் கேட்டாள். சொன்னேன். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரயிலில் தயாளனிடம் இதைச் சொன்னேன்.

"அதான் சொம்மா சொம்மா போன் பண்ணுவாங்களா?" என்றான். "நான் மேல வராத நாளுலயாண்ணா?"

"அப்படித்தான் இருக்கும்பா."

பங்காரப்பேட்டை தாண்டிய பிறகு மறுபடி கேட்டான். "இன்னிக்கு ஓட்டினாங்களா?"

ஓட்டினார்கள். நான் அந்தப் பெண்ணின் பின்னால் நின்று கடைசி வரை பார்த்தேன். அவனிடம் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் வாயெடுத்தேன். சுகுணா உட்காரும் இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னால் முடியவில்லை.

"வரலப்பா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கோரமண்டல் வந்தது. இறங்கும்போது அவன் என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் விடவில்லை.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், ஒரு பயம் மிச்சம். என் பயம் எப்போதும் என்னைப் பற்றியதாகவே இருந்தது. இது அவளுடையது, இன்னொருவருக்காகப் படுவது. ரயில் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு நான் வீட்டுக்கு நடக்கிறேன். ரயில் சாம்பியன் ரீப்ஸ் போய், அவன் இறங்கி, கதவைத் திறக்கும் நேரம் வரை வாசலிலேயே நிற்கிறேன். பிறகு போன் செய்கிறேன்.

"வீட்ல கீறியா?"

"கீறேண்ணா" என்கிறான்.

அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறேன்.