சகாயமேரி கலக்கிய தண்ணீர்

அடிப்பிடித்த அண்டாவைச் சாய்த்து வைத்து, கருகலின் மேல் ஆப்ப சோடாவைத் தூவி, பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, சகாயமேரி இடுப்பில் கை வைத்து நிற்பாள். நுரை பொங்கி அடங்கும்வரை எதையும் தொடமாட்டாள். பிறகு தேங்காய் நாரால் ஓர் இழுப்பு. கரி பாளம் பாளமாகக் கழன்று வரும். "தேச்சித் தேச்சி கை ஓயறது எதுக்குங்க்கா? சோடாவப் போட்டு அது பாட்டுக்கு வுட்டுடணும். அதுவே போயிரும்" என்பாள்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளி ஒன்றில் அவள் சத்துணவுச் சமையல் உதவியாளர். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் வீட்டில் ஆப்ப சோடா அஞ்சறைப்பெட்டியில் இருக்காது. அரிசி டப்பா அளவுக்கு ஒரு டப்பாவில் இருக்கும். பிரிட்ஜ் மூலையில் ஒரு கிண்ணம் சோடா, வாடை வராமலிருக்க. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஐஸ்வர்யா ஞாயிற்றுக்கிழமை வந்து கழற்றிப் போடும் ஷூவுக்குள் கொஞ்சம். தக்காளி மண்டியில் கூடை தூக்கும் கணவர் அருளப்பனின் சட்டைகள் ஊறுகிற வாளியில் ஒரு கைப்பிடி. குதிகால் வெடிப்புக்கு, அக்குளுக்கு, கறுத்த கொலுசுக்கு, மருந்தடித்த திராட்சைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு வைத்திருந்தாள். எங்கள் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டால் நான் ஆளைத் தேட மாட்டேன். சுவரைத் தட்டுவேன். தெருவில் அவளுக்கு 'சோடா மேரி' என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வராது.

வயிற்றுக்குள் போகிற விஷயத்தில் மட்டும் கெட்டி. போண்டா மாவில் ஒரு சிட்டிகைக்கு மேல் போட விடமாட்டாள். "கூடப் போனா கசக்கும். கொடலு தாங்காது."

போன வருடம் மழைக்காலத்தில் அருளப்பனின் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. இருபது வருடமாகப் பாக்குப் பொட்டலத்தை அடக்கி வைத்திருந்த இடம். திட்டு புண்ணாகி, புண் கட்டியான பிறகுதான் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள்; எங்கள் பக்கத்தில் அதைக் கரண்ட் வைப்பது என்போம். திங்கட்கிழமை பஸ் ஏறுவார்கள், வெள்ளிக்கிழமை திரும்புவார்கள். முதல் வாரம் திரும்பியபோது சகாயமேரி நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, வாய் கொப்புளிக்கறதுக்கு நர்ஸம்மா என்னா சொன்னாங்க தெரியுங்களா? வெந்நித் தண்ணியில உப்பும் சோடாவும்! ஆஸ்பத்திரியிலயே நம்ம சோடாதான்!" அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரண்ட் வைக்க வைக்க அருளப்பனின் வாய் வெந்து போயிற்று. கன்னத்துத் தோல் கறுத்து உரிந்தது. கஞ்சி இறங்கவில்லை. தண்ணீர் விழுங்கினாலும் கண்ணில் நீர் வரும். பாதி வைத்தியம் முடிந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை அவர் தம்பி அன்பு போனை எடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதில் பேசினார். ஆப்ப சோடாவையும் வெல்லப்பாகையும் கலந்து காலையும் மாலையும் குடித்தால் கேன்சர் கரைந்துவிடும், ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை மறைக்கிறார்கள் என்றார்.

அருளப்பன் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீதான மேரி சொல்லுவ, எதுல போட்டாலும் போயிரும்னு."

"அது அண்டாக் கறைக்குங்க. உசுருக்கு இல்லைங்க."

"அண்ணி, டாக்டரே சொல்றாரு. நீங்க என்னா அவரவிடப் படிச்சிட்டீங்களா?" என்றான் அன்பு.

"அன்பு, நான் ஒண்ணும் படிக்கல. ஆனா பாதியில நிறுத்தக் கூடாதுன்னு நர்ஸம்மா தலதலயா அடிச்சிக்கினு சொல்றாங்க."

"எனக்கு முடியல மேரி" என்றார் அருளப்பன்.

திங்கட்கிழமை சேலம் போக அவள் துணி வைத்துப் பையைக் கட்டினாள். அவர் அவிழ்த்தார். அடுத்த திங்களும் கட்டினாள். அவிழ்த்தார். அவள் சோடா கலக்கித் தர மறுத்ததும் ஒருநாள் அவரே எழுந்துபோய் டப்பாவைத் திறந்து கரண்டி கரண்டியாகப் போட்டுக் குடித்து, கொல்லையில் குனிந்து வெகுநேரம் குமட்டினார். அன்றிலிருந்து சகாயமேரி டப்பாவை மேல் பரணில் ஏற்றிவிட்டு, "நானே கலக்கித் தரன், நீங்க தொடாதீங்க" என்றாள். வெல்லத்தைக் கரைத்தாள், எலுமிச்சை பிழிந்தாள், துளி உப்புப் போட்டாள். சோடா போடவில்லை. இது எனக்கு மட்டும் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் வந்து சொல்லி, "பாவமாங்க்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஒரு மாதத்தில் அருளப்பனின் வாய்ப்புண் ஆறியது. குழைத்த இட்லி தின்றார். குரல் திரும்பியது. தெருவில் இறங்கி நடந்தார். கரண்ட் வைப்பதை நிறுத்தியதால் அந்தப் புண் ஆறுகிறது என்று சகாயமேரிக்குத் தெரியும். நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் கண்ணெதிரே ஓர் ஆள் இட்லி தின்கிறபோது அவளும் எதையோ நம்பத் தொடங்கினாள் என்றுதான் நினைக்கிறேன். மாதா கோவிலில் பூசை முடிந்து வருகிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சோடாவாலயே காப்பாத்திட்டியே மேரி!" அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பேச்சு பாப்பாரப்பட்டி வரைக்கும் போயிற்று. அங்கிருந்து குள்ளம்மாள் என்ற பெண் பஸ் ஏறி வந்தாள். அவள் கணவர் பச்சியப்பனுக்குத் தொண்டையில். அதே ஆஸ்பத்திரி, அதே கரண்ட்.

"எத்தினி கரண்டிங்க? வெல்லமா, சர்க்கரையா? அத மட்டும் சொல்லுங்க. திங்கக்கெழம சேலம் போறத வுட்டுடறோம். அவரால முடியலைங்க."

சகாயமேரி அவளைக் கையைப் பிடித்துக் கொல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் சோடாவே போடலைங்க. வெறும் வெல்லத் தண்ணி. புண்ணு ஆறுனது கரண்ட நிறுத்துனதால. கட்டி உள்ளதான் இருக்குது, ராத்திரி கை வெச்சா தட்டுப்படுது. உங்க வூட்டுக்காரர நிறுத்த வுடாதீங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கறன்."

குளியலறைக் கதவு திறந்தது. அருளப்பன் ஈரத் துண்டோடு வெளியே வந்தார். இரண்டு பெண்களையும் தாண்டி உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் அவள் நீட்டிய டம்ளரை அவர் வாங்கிக் கீழே வைத்தார். சுவரின் இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"இத்தினி நாளும் வெல்லத் தண்ணியா?"

"ஆமாங்க."

"ஒரு நாளுகூடப் போடலயா?"

"போடலைங்க."

"ஊரு பூரா எடுத்துக் குடுத்த. எனக்குத்தான் இல்லாமப் போச்சி."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. பாத்திரம் துலக்கும் சத்தம்தான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவர் பையை அவிழ்க்கவில்லை. சேலத்தில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி தாடைக்குக் கீழே இறங்கி எலும்பைப் பிடித்திருந்தது. இனி கரண்ட் வைத்துப் பயனில்லை, வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பாதியில் நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சகாயமேரி கேட்டாள். "அத உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார்.

அன்புக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. தெருவில் நின்று கத்தினான். "எங்கண்ணன் கேட்ட மருந்துல சோடா போடாம ஏமாத்திட்டாங்க இந்த அண்ணி! போட்டிருந்தா இன்னிக்கி மண்டியில கூடை தூக்கிக்கினு இருப்பான்!" யாரும் அவனை அடக்கவில்லை. சோடாவால் கட்டி கரையாது என்று நானும் வாசலில் நின்று சொன்னேன். என் குரல் எடுபடவில்லை. ஐஸ்வர்யா போனில் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்: "கொஞ்சமாச்சும் போட்டிருக்கலாமில்லம்மா?"

பாப்பாரப்பட்டி பச்சியப்பன் வைத்தியத்தை முடித்துவிட்டார். குரல் கம்மியிருக்கிறது, சோறு சாப்பிடுகிறார். குள்ளம்மாள் ஒரு பை நிலக்கடலையோடு வந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே வந்து அருளப்பனைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சகாயமேரியும் கூப்பிடவில்லை.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "போட்டிருந்தா என்னா ஆயிருக்குங்க்கா?"

"ஒண்ணும் ஆயிருக்காது மேரி. வாந்திதான் வந்திருக்கும்."

"அப்படித்தான் நானும் நெனச்சன்" என்றாள். "நெனச்சது செரின்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்றாள்.

இப்போது அருளப்பனின் தாடை உடைந்து சீழ் வடிகிறது. பகலில் நாலைந்து முறை துணி மாற்றுகிறாள். உப்பும் சோடாவும் போட்ட வெந்நீரால் வாயைக் கழுவுகிறாள்; ஆஸ்பத்திரி சொன்னது அது, வாய்க்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். தலையணை உறையைச் சோடாவில் ஊற வைக்கிறாள். கட்டிலுக்கு அடியில் நாலு மூலைக்கும் நாலு கிண்ணம் சோடா வைத்திருக்கிறாள். வாடை போகவில்லை. தெருவில் அவளிடம் இப்போது யாரும் எதற்கும் அளவு கேட்பதில்லை.

போன ஞாயிறு மண்டியில் அருளப்பனோடு கூடை தூக்கிய நஞ்சப்பன் பார்க்க வந்தார். நானும் உள்ளே இருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படிரா இருக்கற?" என்றார். அதற்குள் அவர் கை தோள் துண்டுக்குப் போயிற்று. மூக்கு வரைக்கும் கொண்டுபோய், நினைவு வந்து, கழுத்தைத் துடைத்துக்கொள்வது போல் இறக்கினார். மறுபடி போயிற்று. கட்டிலில் இருந்தவர் பார்த்துவிட்டார். போர்வையைத் தாடைக்கு மேல் இழுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீயோடு வந்த சகாயமேரியும் அதைப் பார்த்தாள். டம்ளரை நஞ்சப்பன் கையில் கொடுத்தாள். கட்டிலின் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, நஞ்சப்பனின் நாற்காலிக்குப் பின்னால், எங்கள் முதுகுப் பக்கமாக வைத்து வேகத்தைக் கூட்டினாள். காற்று எங்களைத் தாண்டிக் கட்டிலின் மேல் போய், வாடையை அந்தப் பக்கமாகத் தள்ளியது. அவள் சுற்றிக்கொண்டு போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில், காற்று வந்து மோதும் இடத்தில், கணவரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, "டீ ஆறிப்போவுது, குடிங்க அண்ணா" என்றாள்.