ரொங்ன் இலைகளை எண்ணிய ஆவணி

ரொங்ன் மரத்துப் பழத்தைப் பச்சையாகக் கடித்தால் முதலில் புளிக்கும், பிறகு கசக்கும், அதற்குப் பிறகு நாக்கைச் சாக்குத் துணியால் துடைத்துவிட்டதுபோல வாயிலிருந்த ஈரமெல்லாம் போய்விடும். ஒஸ்லோவில் அந்த மரம் இல்லாத தெருவே இல்லை. அந்நகரின் ரொம்மன் பகுதியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி "ப்ளொக்"கின் வாசலில் மூன்று நின்றன. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதான அந்த ஆவணியில், அந்த மூன்று மரங்களையும் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமையே ஆசிரியை எங்களைக் காட்டோரம் கூட்டிப்போய் மரங்களை இனங்காணச் சொல்லித் தந்திருந்தார். ரொங்ன் இலை கறிவேப்பிலை மாதிரி, ஒரு காம்பின் இரு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலைகளும் நுனியில் தனியாக ஒன்றும் கொண்டது. ஆகவே எத்தனை தடவை எண்ணினாலும் ஒற்றைப்படையில்தான் முடியும். எங்கள் வாசல் மரத்தில் பெரும்பாலும் பதின்மூன்று அல்லது பதினைந்து. சிற்றிலையின் ஓரம் வாள் பல்லுப்போல் அரிந்திருக்கும். கிளையில் இலைகள் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி முளைக்கும். பழத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தெரியும். இதையெல்லாம் வகுப்பில் கேட்டதோடு விடாமல், மாடிப்படியில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். "வந்திட்டா மரம் எண்ணுற ஆள்" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள்.

எங்களுக்குக் கீழ்மாடியில் ராணி அன்ரி இருந்தார். அவருடைய மூத்த மகள் சுஜி என் வகுப்பு, என் ஒரே சிநேகிதி. இளையவள் தர்ஷிக்கு நான்கு வயது. அப்பா அப்போது தொலைவில் பேர்கன் நகரத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தபடியால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. என்னையும் என் தம்பியையும் அம்மா வரும்வரை பார்த்துக்கொண்டது ராணி அன்ரிதான்.

ஒருநாள் "ப்ளொக்"கின் பின்புறப் பற்றைக்குள் சுஜி, தர்ஷி, நான் மூன்று பேரும் கடை வைத்து விளையாடினோம். அங்கே சிவந்த காய்கள் குலைகுலையாகத் தொங்கின. சுஜி ஒரு குலையை முறித்து, "இது ரொங்ன். தின்னலாம், புளிக்கும்" என்று தர்ஷியிடம் நீட்டினாள்.

"அது ரொங்ன் இல்லையடி. இலையைப் பார், ஏழுதான் இருக்கு. கிளையிலை இலையள் மாறி மாறி இல்லை, எதிரெதிரா நிக்குது. காயிலை நட்சத்திரமும் இல்லை" என்றேன்.

"உனக்கு மட்டுந்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் தங்கைக்கு ஊட்டினாள். நான் தட்டிவிடுவதற்குள் ஒரு கைப்பிடி உள்ளே போய்விட்டது.

ஒரு மணித்தியாலத்தில் தர்ஷி சத்தியெடுக்கத் தொடங்கினாள். ராணி அன்ரி அவளை அவசர மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்தநாள் காலை அவள் தெளிந்து, பாணும் தின்றுகொண்டிருந்தாள். ஆனால் அதற்குள் சுஜி தன் தாயிடம், "தாரணிதான் ரொங்ன் எண்டு சொல்லித் தின்னச் சொன்னவள்" என்று சொல்லியிருந்தாள். மரம் எண்ணுகிற ஆள் நான்தானே, எல்லோரும் நம்பினார்கள்.

நான் கீழே ஓடிப்போய் வாசல் மரத்தில் ஒரு கிளையும் பின்புறப் பற்றையில் ஒரு கிளையும் முறித்துவந்து, குசினி மேசையில் அம்மாவுக்கு முன்னால் பரப்பினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் எண்ணினார். ஒன்றில் பதினைந்து, மற்றதில் ஏழு. பழங்களையும் திருப்பிப் பார்த்தார். பற்றைக் கிளை முறிந்த இடத்தில் வீசிய நாற்றத்தை முகர்ந்து முகத்தைச் சுளித்தார்.

"ஓம், விளங்குது. ரண்டும் வேற வேற" என்றார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அம்மா என் தலையை இழுத்துப் பின்னி, கையைப் பிடித்துக் கீழ்மாடிக்குக் கூட்டிப்போனார்.

"ராணி அக்கா, பிள்ளை தெரியாமல் சொல்லிப்போட்டாள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கேள், மன்னிப்புக் கேள்."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டேன். உள்ளே சோபாவில் இருந்த சுஜி தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி, சின்னப் பிள்ளைதானே" என்றார் ராணி அன்ரி. பிறகு, "நாளைக்கும் தம்பியை மூண்டு மணிக்கே கொண்டுவாரும்" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி அந்த நேரத்தில்தான் தளர்ந்தது.

அடுத்த கிழமை வகுப்பில் ஆசிரியை ஒரு கிளையைத் தூக்கிக் காட்டி என்னிடம் பெயர் கேட்டபோது, தெரியாது என்றேன். சுஜி கையை உயர்த்தினாள். சிற்றிலைகளின் எண்ணிக்கை, அரிந்த ஓரம், காயின் நட்சத்திரம் என்று நான் அவளுக்குச் சொன்ன சொற்களையே ஒன்றும் தவறாமல் சொன்னாள். ஆசிரியை அவளைப் பாராட்டினார்.

இப்போது நான் ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் என்ற ஊரில் இருக்கிறேன். ரொம்மனில் அந்தப் பற்றையை வெட்டிக் கார்கள் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். ராணி அன்ரி குடும்பம் எங்கோ மாறிப்போய்விட்டது, சுஜியோடு பேச்சில்லை. போன வருடம் அம்மாவிடம் முதல்முறையாக அந்த மன்னிப்பைப் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அம்மா ஒன்றையும் மறக்கவில்லை.

"நீ சொன்னது உண்மை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அவவோட கோவிச்சால் நான் வேலையை விடவேணும். நீ தாங்குவாய் எண்டு நினைச்சன்" என்றார்.

தாங்கினேன்தான். ஆனால் அதற்குப் பிறகு வெளியே கண்ட எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டியதில்லை. அதை அம்மா கவனித்தாரா என்று மட்டும் நான் கேட்கவில்லை.