வெர்லின் வாங்கிய திட்டும் வென்ற பந்தயமும்

வெர்லின் ஹாட்லிக்குப் பந்தயக் காரைத் தவிர வேறு எதையும் உருப்படியாக ஓட்டத் தெரியாது. வார நாட்களில் கோழித்தீவன லாரி ஓட்டினான். அதை இரண்டு முறை ஓடைக்குள் இறக்கி, மீன்களுக்குத் தீவனம் போட்டிருக்கிறான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஹேசல் கேப் மைதானத்தில், கதவுகளை வெல்டிங் வைத்து மூடிய பழைய ஷெவர்லே காருக்குள் ஜன்னல் வழியாக நுழைந்து உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. வேறு என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. பன்னிரண்டாவதாகவோ பதினான்காவதாகவோ வருவான். யாரும் சாகமாட்டார்கள்.

பார்வையாளர் மாடத்தின் கூரைமேல் நின்றுகொண்டு, பக்கத்தில் எவன் வருகிறான், எந்தப் பக்கம் இடமிருக்கிறது என்று ஓட்டுபவனின் காதில் ரேடியோ வழியாகச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலையை அவனுடைய மைத்துனன் ஹாய்ட் செய்துவந்தான். ஒரு சனிக்கிழமை ஹாய்ட் போன் செய்தான். சர்ச்சில் நடந்த மீன் வறுவல் விருந்தில் பந்தயம் கட்டித் தின்றிருந்தான்.

"மாப்ள, கக்கூஸ விட்டே வெளிய வர முடியல. தங்கச்சியக் கூரைமேல ஏத்தி விடு."

தங்கச்சி என்றால் ஒலீட்டா, வெர்லினின் மனைவி. ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். ஒரு நாளைக்குப் பத்துத் தலை, பத்துத் தலைக்கும் ஓயாத பேச்சு. ஒரு கையில் ரேடியோ, மறுகையில் வாழைப்பழ புட்டிங் கிண்ணத்தோடு கூரை ஏறினாள். முதல் சில சுற்றுகள் ஒழுங்காகத்தான் போயின.

"வெளிய ஒருத்தன். இன்னும் இருக்கான். போயிட்டான். ஏய் வெர்லின், எங்கம்மா குடுத்த பீங்கான் பாத்திரத்துல என்ஜின் ஆயில் புடிச்சது நீதானே?"

"இதை இப்பவா கேக்கற?"

"வீட்ல கேட்டா காருக்கு அடியில போய்ப் படுத்துக்கற. இப்ப எங்க போவ?"

"நான் இல்ல, உங்கண்ணன்!"

"வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கறவன் மேல பழி போடாத. உள்ள காலி, போ!"

கோபம் வந்தால் வெர்லினுக்கு வாய் வராது, கால்தான் அழுந்தும். அழுந்தியது. பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் மூன்று பேரைத் தாண்டியிருந்தான். அன்றைக்கு ஐந்தாவதாக வந்தான். மாடமே எழுந்து நின்று கத்தியது. வெர்லின் கண் கலங்கிக் கையசைத்தான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஓட்டுபவர்களின் ரேடியோப் பேச்சைக் கேட்கும் பெட்டியை மைதான வாசலில் வாடகைக்குக் கொடுப்பார்கள். பாதிக் கூட்டம் அதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது. "நாப்பத்தேழுக்குத் திருப்புடா, நாப்பத்தேழுக்கு!" என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லி, கடைசியில் எல்லாரும் வெர்லின் காரின் எண்ணிலேயே வந்து நின்றுவிட்டார்கள்.

ஹாய்ட் குணமான பிறகும் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஒலீட்டாவே ஏறினாள். திறந்துகிடந்த ஃப்ரிட்ஜ் கதவுக்காக வெர்லின் ஒரு வாரம் நான்காவதாக வந்தான். மறந்துபோன திருமண நாளுக்காக இரண்டாவதாக வந்தான். இரண்டு பந்தயப் பருவத்தில் ஹேசல் கேப் கொள்ளாத கூட்டம். சார்லட் நகரத்தில் மெத்தைக் கடைகள் வைத்திருந்த ராய்ஸ் பெம்பர்ட்டன் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, வெர்லினைத் தன் அணியில் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டார். வெர்லின் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். லாரி முதலாளி கேக் வெட்டினார்.

பெம்பர்ட்டன் எல்லாவற்றையும் உயர்தரமாகச் செய்கிறவர். கூரைமேல் நிற்கவும் தேர்ந்த ஆளாகப் பார்த்து கெண்டல் என்பவரைப் போட்டார். கெண்டலின் குரல் தாலாட்டு மாதிரி. "வெளியே காலி... உள்ளே காலி..." வெர்லினுக்குக் கொட்டாவி வந்தது. முப்பதாவதாக வந்தான். அடுத்த வாரம் முப்பத்திரண்டு.

அந்த வாரம் மெத்தைக் கடை வாசலில் அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி தொப்பியை நீட்டினாள்.

"ஏன் தம்பி, அந்தப் பீங்கான் பாத்திரத்துல எண்ணெய் போச்சா, இல்லியா? வினிகர் ஊத்தச் சொல்லு."

வெர்லினின் பேனா நின்றது. காதுப்பெட்டி விஷயம் முழுவதையும் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான். வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்ற ஒலீட்டாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"எல்லாத்தையுமா கேட்டாங்க?"

"எல்லாத்தையும்."

"பாஸ்டர் பாடுனா கன்னுக்குட்டி கத்தற மாதிரி இருக்குன்னு சொன்னேனே, அது?"

"அவரே கேட்டாராம். சம்சாரத்துக்கும் சேத்து ரெண்டு பெட்டி வாடகைக்கு எடுத்தாராம்."

ஒலீட்டா நேராகத் தன் கடைக்குப் போய், முடி உலர்த்தும் இயந்திரத்தின் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. கடைசியில் பெம்பர்ட்டனே வந்து கூண்டைத் தட்டினார்.

"யம்மா, மெத்த ஒண்ணும் விக்கல. கொஞ்சம் வந்து திட்டிட்டுப் போம்மா."

"வர்றேன். ஆனா மரியாதையாத்தான் பேசுவேன்."

சொன்னபடியே செய்தாள். அடுத்த பந்தயத்தில் கொடி விழுந்ததும் வெர்லினின் காதில் ஒரு குரல் கேட்டது.

"வணக்கம் வெர்லின். வெளிப்புறம் ஒரு வாகனம் வந்துகொண்டிருக்கிறது. தங்களுக்கு வசதிப்பட்டால் உட்புறம் ஒதுங்கலாம்."

வெர்லின் இருக்கையோடு ஒட்டிக்கொண்டான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒலீட்டா அவனிடம் மரியாதையாகப் பேசியது ஒரே ஒரு தடவை. பெட்ரோல் பங்கில் அவளை மறந்துவிட்டு அவன் டென்னசி மாநிலம்வரை போய்விட்ட அன்று. ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்தான். கார் பம்பரமாய்ச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

"மிக்க நன்றி," என்றாள் ஒலீட்டா.

மஞ்சள் கொடி காட்டி எல்லாரையும் மெதுவாக்கி, வெர்லினைக் கடைசி வரிசையில் விட்டார்கள். அவனால் பொறுக்க முடியவில்லை. தோற்பதுகூடப் பழகிவிட்டது. இந்த மரியாதைதான் உயிரை எடுத்தது.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரிவிக்கவும்."

"எங்கம்மா வியாழக்கிழமை வர்றாங்க."

"மகிழ்ச்சி. எத்தனை நாள் தங்குவார்கள்?"

"வீட்ட வித்துட்டு வர்றாங்க."

மாடத்தில் இருந்த அத்தனை பேரும் காதுப்பெட்டியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்கள். மறுபடி ஓடச் சொல்லிப் பச்சைக் கொடி விழுந்தது.

"யோவ்!"

வெர்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எவனக் கேட்டுய்யா வரச் சொன்ன? இருக்கறது ஒரு பாத்ரூம்! உள்ள காலி, போ! உங்கம்மா உள்ள போனா மத்தியானம் வரைக்கும் வரமாட்டாங்க! வெளிய ஒருத்தன், விடாத அவன! அந்த நாயும் கூட வருதா?"

"ரெண்டு நாய்."

அதற்கு அவள் சொன்னதைப் பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் கண்டித்தார். வெர்லின் தப்பித்து ஓடுகிறவன் மாதிரி ஓட்டினான். எட்டுப் பேரைத் தாண்டினான், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். கடைசித் திருப்பத்தில் முன்னால் யாருமில்லை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. நாய்கள் சின்னவைதான் என்று விளக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டிவிட்டான்.

வென்றவர்கள் காரை நிறுத்தும் இடத்தில் டிவிக்காரர் ஜன்னலுக்குள் மைக்கை நீட்டினார்.

"மொதல் வெற்றி! எப்படி இருக்கு?"

"அவ எறங்கிட்டாளா?"

"படியில வந்துக்கிட்டிருக்காங்க."

"அப்ப நான் இன்னொரு சுத்து போயிட்டு வந்துடறேன்."

பெட்ரோல் தீர்ந்திருந்தது. ஒலீட்டா வந்தாள். ஜன்னலுக்குள் தலையை விட்டு ஹெல்மெட்டின்மேல் ஒரு முத்தம் கொடுத்தாள். அதே இடத்தில் ஓங்கி ஒரு குட்டும் வைத்தாள். இரண்டையும் டிவியில் காட்டினார்கள்.

அம்மா வந்தாள். இரண்டே மாதத்தில் மாமியாரும் மருமகளும் கூட்டுச் சேர்ந்து, ரேடியோவைப் பிடுங்கிப் பிடுங்கி மாறி மாறித் திட்டினார்கள். அந்தப் பருவத்தில் வெர்லின் மேலும் இரண்டு பந்தயம் ஜெயித்தான். வாழ்நாள் கணக்கு அவ்வளவுதான். முழங்கால் மடங்காமல் ஜன்னலுக்குள் நுழைய முடியாத நாள் வந்ததும் ஓட்டுவதை விட்டான்.

இப்போது பெம்பர்ட்டனின் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு மெத்தையின் மேல் படுத்துக் காட்ட வேண்டும். விற்பனை பரவாயில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே பில் போட்டுக்கொள்கிறார்கள்.