பிறை தேடிய மாலையில் ஒரு கடல் படம்

நோன்பு காலத்தில் மருதமுனைக் கடற்கரையில் நடந்தால் உதட்டில் உப்புப் படியும். அதை நாக்கால் தடவிவிட்டால் நோன்பு முறிந்துவிடுமா என்ற பெரும் சந்தேகத்தோடுதான், பதின்மூன்று வயதில், நான் கடலைப் படம் பிடிக்கப் பழகினேன். சந்தேகத்தை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கடற்கரைக்கே போக வேண்டாம் என்று உம்மா தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்ற பயம் எனக்கு.

கமராவைக் கட்டாரிலிருந்து கொண்டுவந்தவர் வாப்பா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவர், அந்த முறை பெட்டிக்குள் கம்பளிப் போர்வைக்கும் பால்மாவுக்கும் நடுவே ஒரு கமராவையும், அதைத் தாங்குகிற மூன்று கால் "ஸ்டாண்டையும்" பத்திரமாகப் படுக்க வைத்திருந்தார். அதோடு வந்த சிறு புத்தகத்தில் கடலைப் படம் பிடிப்பது பற்றி ஒரு பக்கம் இருந்தது. கடலில் சூரியன் இறங்குகிற படமொன்றை அதில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எங்கள் சூரியனோ கடலில் எழும்பி, நாள் முழுக்க ஊரைக் காய வைத்துவிட்டு, வயல் பக்கம் போய் மறைகிற சூரியன். ஆகவே அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வாப்பாவும் நானும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடக்கத் தொடங்கினோம்.

தொடுவானம் சரியாமல் பிடிப்பதைச் சீக்கிரம் பழகிவிட்டேன். ஈர மணலில் ஸ்டாண்ட் புதைவதுதான் பெரிய தலையிடி. வாப்பா குனிந்து அதன் கால்களை அழுத்தி, ஓர் அலை வந்து போகும்வரை பொறுத்து, "இப்ப அடி மகள்" என்பார். லென்ஸில் படிகிற உப்புத் தூறலை இடுப்புச் சாரன் தலைப்பால் துடைப்பார். மங்கிய வெளிச்சத்தில் ஷட்டரைச் சில செக்கன்கள் திறந்து வைத்தால், ஓடுகிற அலையெல்லாம் புகைபோலப் படிந்து, அசையாமல் நிற்கிற பொருள் மட்டும் தெளிவாக விழும் என்று புத்தகம் சொன்னது. அப்படி ஒரு படம், அதில் வாப்பாவும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

நடக்கவில்லை. மருதமுனையில் வாப்பாவைத் தெரியாத ஆள் இல்லை. நான் ஷட்டரைத் திறக்கும் நேரம் பார்த்து யாராவது ஸலாம் சொல்லிக்கொண்டு வருவார்கள், வாப்பா கையை நீட்டுவார், அவர் நின்ற இடத்தில் படத்தில் ஒரு சாம்பல் புகை மட்டும் இருக்கும். "அசைஞ்சா நீங்க படத்துல இரிக்க மாட்டீங்க வாப்பா" என்று அழாக்குறையாகச் சொன்னேன். "ஸலாம் சொல்ற மனிசனுக்குக் கை குடுக்காம எப்பிடி மகள் நிக்கிற?" என்றார். வீடு திரும்பியதும் உம்மா எட்டிப் பார்த்து, "புகையப் புடிக்கவா இவ்வளவு தூரம் போனீங்க, நம்மட அடுப்படியிலயே இரிக்கி" என்பார்.

லீவு முடிந்துகொண்டு வந்தது. இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பிறை தெரிந்தால், மறுநாள் காலை பெருநாள் தொழுதுவிட்டு, எங்களோடு சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் வாப்பா புறப்படலாம். தெரியாவிட்டால் மறுநாள் முப்பதாம் நோன்பு. நோன்போடு வேன் ஏற வேண்டும். கட்டாரிலோ முதல் நாளே பிறை கண்டுவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. வாப்பா போய் இறங்கும்போது அங்கே பெருநாள் முடிந்திருக்கும், இங்கே தொடங்கியே இருக்காது. இரண்டு ஊருக்கும் நடுவில் அவருக்கு மட்டும் பெருநாள் இல்லாமல் போய்விடும் என்ற கவலையில் அன்று முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

அன்று மாலை பேரீச்சம்பழத்தோடு ஊரே கரையில் கூடியது. தென்னைகளுக்கு மேலாக மேற்கு வானத்தைப் பார்ப்பதற்காக, கடலுக்கு முதுகைக் காட்டி, அலை ஓரமாக வரிசையாக நின்றார்கள். நோன்பு திறந்து, கரையிலேயே தொழுதும் ஆயிற்று. அப்போதுதான் கவனித்தேன், யாருமே அசையவில்லை. எங்கள் கடற்கரையில் மனிதர்கள் அப்படி நிற்பது பிறை தேடும்போது மட்டும்தான். சற்றுத் தள்ளி ஸ்டாண்டை ஊன்றி, ஒருபக்கம் அலையும் மறுபக்கம் ஆட்களுமாகச் சட்டத்துக்குள் வருகிற மாதிரிக் கமராவைத் திருப்பினேன். "புள்ள, அதுக்குள்ள பிறை தெரியிதா?" என்று ஒரு பெரியவர் நம்பிக்கையோடு வந்து குனிந்து பார்த்தார். "இல்ல, கடல்தான் தெரியிது" என்றேன். ஏமாந்து போனார். வெளிச்சம் முற்றாகப் போவதற்குள் ஒரே ஒருமுறை ஷட்டரைத் திறக்க முடிந்தது.

பிறை தெரியவில்லை. நாட்டில் வேறெங்கும் காணவில்லை என்று வானொலியும் சொன்னது. "அல்லாஹ்ட நாட்டம்" என்றார் வாப்பா. மறுநாள் பின்னேரம், உம்மா தைப்பித்து வைத்திருந்த பெருநாள் சேர்ட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு, வறண்ட உதட்டோடு என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வேன் ஏறினார்.

பெருநாளன்று உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி வீட்டுக் கொம்பியூட்டரில்தான் அந்தப் படத்தைப் பெரிதாகப் பார்த்தேன். அலை புகைபோலப் படிந்திருந்தது. தொடுவானம் நேராக இருந்தது. எல்லோரும் பக்கவாட்டில் நின்று மேற்கைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தார். வாப்பாவின் முகம், கண்ணிமை வரை தெளிவாக. புதுச் சட்டையோடு சாச்சியின் மடியில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

நாங்கள் ஸ்டாண்டை ஊன்றிய அந்த மணல் இன்றில்லை. கடல் அரித்துக்கொண்டு போன இடத்தில் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். பிறைச் செய்தி இப்போது கைபேசிக்கே வந்துவிடுவதால் கரைக்கு வருகிறவர்களும் குறைவு. வாப்பா ஊரோடு வந்து பல வருடமாயிற்று. இந்த வருடம் கற்களுக்கு மேலே நின்று இருவரும் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது, அத்தனை காலமும் கேட்காததைக் கேட்டேன்.

"அண்டைக்கு நீங்க ஏன் வாப்பா பிறை பாக்கல்ல?"

அவர் வானத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"பிறை பாக்க ஊரே நிண்டிச்சி மகள். ஒன்னப் பாக்க எனக்கு அந்தப் பொழுது மட்டுந்தானே இருந்திச்சி."